மாலிக் அம்பர்: அடிமைச் சந்தையிலிருந்து ஆட்சிபீடம் வரை

நம் வட்டாரத்தில் செஞ்சிக் கோட்டையைக் காணாத இளைஞர் அரியர். பள்ளிச் சுற்றுலா என்றதும் வளவனூர், விழுப்புரம், திண்டிவனம் பகுதிப் பிள்ளைகள் முதலில் கேட்பது செஞ்சியைத்தான். களஞ்சியங்களையும் கல்யாண மகாலையும் கண்டு, இராசகிரி ஏறி இறங்கித் திரும்புவோர், தேசிங்கு ராஜனின் கதையைப் பேசிக்கொண்டே வருவர். அக்கோட்டை 1677இல் சிவாஜியின் வசமாயிற்று என்பதும் பலர் அறிந்ததே. ஆனால் அந்தச் சிவாஜியின் பாட்டனார் மாலோஜியும் தந்தையார் ஷாஹாஜியும் எந்த அரசில், யாருடைய தலைமையில் போர்த்தொழில் புரிந்தனர் என்று வினவினால், விடை கூறுவோர் மிகச் சிலரே.

அத்தலைவர் மராட்டியர் அல்லர், துருக்கியரும் அல்லர், பாரசீகரும் அல்லர். ஆப்பிரிக்கக் கண்டத்தில் பிறந்து, சிறு வயதிலேயே அடிமையாக விற்கப்பட்டு, பல கைகள் மாறி இந்நாட்டை அடைந்த ஒரு கறுப்பு மனிதர். மாலிக் அம்பர் என்பது அவர் பெயர். முகலாயப் பேரரசின் தென்திசைப் படையெடுப்பை ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் தடுத்து நிறுத்தியவர் அவர். பாடநூல்களில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடும் அவருடைய வாழ்க்கையை, ஒரு கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் சற்று விரிவாக எழுதுவது பொருத்தமே எனக் கருதினோம். அடிமையாயிருந்த காலத்தில் அவர் பெற்ற கல்வியே பிற்காலத்தில் அவரை உயர்த்திற்று என்பது இதற்குக் காரணம்.

ஆப்பிரிக்கா என்றதும் காடும் விலங்கும் அடிமைக் கப்பலுமே நம் பிள்ளைகளின் மனக்கண்முன் தோன்றுகின்றன. வெள்ளையர் எழுதிவைத்த வரலாற்றின் விளைவு இது. அக்கண்டத்தின் மேற்கே கானா, மாலி, சோங்காய் எனப் பேரரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தழைத்தன. மாலியின் மன்னர் மான்சா மூசா 1324இல் மக்காவுக்குப் பயணம் சென்றபோது வழியில் வாரி வழங்கிய பொன்னை எகிப்து நாடு நெடுங்காலம் மறக்கவில்லை. திம்புக்டு நகரம் நூல்களுக்கும் அறிஞர்களுக்கும் பெயர் பெற்றது. அத்தகைய சோங்காய்ப் பேரரசு 1591இல், துப்பாக்கி ஏந்தி வந்த மொராக்கோ நாட்டுப் படையினிடம் தொண்டிபி என்னுமிடத்தில் தோற்றுச் சிதைந்தது. அதே காலத்தில் நம் நாட்டின் தக்காணத்தில் அகமத்நகர் அரசு சரியத் தொடங்கியிருந்தது. அதனைத் தாங்கிப் பிடித்தவர் அக்கண்டத்தின் கீழ்த்திசையிலிருந்து வந்தவர் என்பது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

அம்பர் ஏறத்தாழ 1548இல் எத்தியோப்பியாவில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சாப்பு என்பர். அந்நாட்டிலிருந்து பொன்னும் தந்தமும் அடிமைகளும் வெளியே சென்றன. இந்தியாவின் பருத்தித் துணி உள்ளே வந்தது. அதாவது, நம் நாட்டுத் தறிகளில் நெய்த துணிக்கு விலையாக அந்நாட்டுக் குழந்தைகள் கடல் கடந்தனர். இதனை நாம் அறிந்துவைத்திருத்தல் வேண்டும். சாப்பு செங்கடலைக் கடந்து மோக்காத் துறைமுகத்திலும், பின்னர் பாக்தாத் நகரிலுமாகக் கைமாறினார். மோக்காச் சந்தையில் அவருக்குக் கொடுக்கப்பட்ட விலை இருபது பொற்காசுகள் என்று, பிற்காலத்தில் அவரை நேரில் கண்ட டச்சு வணிகர் ஒருவர் எழுதிவைத்துள்ளார்.

மனிதனை ஓலை எழுதி விற்கும் வழக்கம் அயல்நாட்டிற்கே உரியது என எண்ணிவிட வேண்டா. நமக்கு அணித்தாகவுள்ள திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரமூர்த்தி நாயனார் தடுத்தாட்கொள்ளப்பட்ட கதையைப் பெரியபுராணம் கூறுகிறது. கிழவேதியர் வடிவில் வந்த இறைவன் ஆளோலை ஒன்றைக் காட்டி, இவர் எனக்குப் பரம்பரை அடிமை என்று வழக்காடுகிறார். சுந்தரருக்கு வியப்பு, அந்தணர் எங்ஙனம் அடிமையாதல் கூடும் என்று. ஓலை எழுதி மனிதனை அடிமை கொள்வது பற்றி அவையில் எவருக்கும் வியப்பில்லை! பிறர் அடிமையாவது வழக்கம், தாம் அடிமையாவதுதான் புதுமை. நம் முன்னோர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட மண் இது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைமுறைக்கு நீதிமன்ற ஆதரவை விலக்கியது. ஆயினும் படியாள், பண்ணையாள் எனும் பெயரில் அது தொடர்ந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வருவதற்கு 1976 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி அம்பரிடம் வருவோம். பாக்தாத்தில் அவரை வாங்கிய மீர் காசிம் என்னும் வணிகர், சிறுவனின் கூரிய அறிவைக் கண்டுகொண்டார். இசுலாத்தில் சேர்த்து, அம்பர் எனப் பெயரிட்டு, எழுத்தும் கணக்கும் நிருவாகமும் கற்பித்தார். அன்பினால் மட்டும் கற்பித்தார் என்று சொல்வதற்கில்லை. கணக்கு அறிந்த அடிமைக்கு விலை கூடுதல் என்பதை வணிகர் அறியாதவரா? நோக்கம் எதுவாயினும், கற்றவன் தலைக்குள் சென்ற எழுத்தை எந்த எசமானனும் திரும்பப் பெற இயலாது. நம் சேரிப் பிள்ளைகளுக்குத் திண்ணைப் பள்ளிகளில் இடம் மறுத்தவர்கள் இவ்வுண்மையை மீர் காசிமைவிட நன்றாக அறிந்திருந்தனர் போலும். தென்னார்க்காடு மாவட்டத்தில் சுவாமி சகஜாநந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக்கூடம் தோற்றுவிக்கும் வரை நம்மவர் பட்ட பாட்டைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1570ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அம்பர் தக்காணம் வந்து சேர்ந்தார். அவரை வாங்கியவர் அகமத்நகர் அரசின் பேஷ்வாவாகிய செங்கிஸ்கான். மங்கோலியச் செங்கிஸ்கானோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டா. இவரும் ஒரு முன்னாள் அடிமையே, இவரும் ஆப்பிரிக்கரே. ஆயிரம் ஹப்ஷி வீரர்கள் இவரிடம் அடிமைகளாயிருந்தனர். எத்தியோப்பியரை அக்காலத்தார் ஹப்ஷிகள் என்றனர். அடிமையாக வந்தவன் அமைச்சனாகலாம் என்பதற்குக் கண்முன் நின்ற சான்றாகச் செங்கிஸ்கான் அம்பருக்குத் தோன்றியிருப்பார். அரசு எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதை அவர் நிழலிலிருந்தே அம்பர் கற்றார்.

சில ஆண்டுகளில் செங்கிஸ்கான் இறந்தார். அவர் மனைவியார் அம்பருக்கு விடுதலை அளித்தார்.

தக்காணத்து அடிமைமுறைக்கும் நம் நாட்டுச் சாதிமுறைக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தில் தெளிவாகும். அங்கே அடிமைக்கு விலை உண்டு. எனவே விடுதலையும் உண்டு. விடுதலை பெற்றவன் குதிரை ஏறலாம், படை திரட்டலாம், பெரும்பதவி வகிக்கலாம். இங்கே தீண்டாமைக்கு விலையும் இல்லை, விடுதலைப் பத்திரமும் இல்லை. பிறப்பினால் வந்தது இறப்பிலும் நீங்காது, சுடுகாடு வரை பின்தொடரும். இவ்வாறு எழுதுவதால் அடிமைமுறை நன்று என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. ஓர் அம்பர் உயர்ந்ததற்கு, பெயர் தெரியாமலே மடிந்தோர் எத்தனை ஆயிரவர்!

விடுதலை பெற்ற பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அம்பர் கூலிப்படைத் தலைவராக அலைந்தார். பீஜப்பூரில் பணியாற்றியபோது மாலிக் என்னும் பட்டம் கிடைத்தது. 1595 அளவில் நூற்றைம்பது குதிரை வீரருடன் அகமத்நகருக்கே மீண்டார்.

அப்போது அகமத்நகர் பெருந்துன்பத்தில் இருந்தது. 1490இல் மாலிக் அகமது நிறுவிய நிஜாம் ஷாஹி அரசு அது. அரண்மனைக்குள் அரியணைப் பூசல். வெளியே அக்பரின் படை. வீரமங்கை சாந்த் பீபி கோட்டை மதிலின் உடைப்பில் நின்று போராடிக் காத்த வரலாறு யாவரும் அறிந்ததே. அவ்வம்மையார் சொந்த மக்களாலேயே கொல்லப்பட, 1600ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கோட்டை வீழ்ந்தது. இளம் சுல்தான் சிறைப்பட்டார். நூற்றுப்பத்தாண்டு அரசு முடிந்தது என்றே அனைவரும் கருதினர்.

அம்பர் அவ்வாறு கருதவில்லை. அந்த ஐந்தாண்டுகளுக்குள் அவருடைய படை நூற்றைம்பதிலிருந்து ஏறத்தாழ ஏழாயிரம் குதிரைகளாகப் பெருகியிருந்தது. அரச குடும்பத்தைச் சேர்ந்த அலி என்னும் இருபது வயது இளைஞரைப் பீஜப்பூர்ப் பகுதியில் தேடிப் பிடித்துத் தம் மகளை மணமுடித்துக் கொடுத்தார். பராண்டா கோட்டையில் இரண்டாம் முர்தசா நிஜாம் ஷா எனும் பெயரில் அவருக்கு முடிசூட்டினார். தாம் முடி சூடவில்லை. அந்நாளைய தக்காணத்தில் அரசகுலத்துப் பெயர் இல்லாமல் படையும் வரியும் சேரா என்பதை அறிந்திருந்தார். முடி ஒருவர் தலையில், ஆட்சி மற்றொருவர் கையில் என்றாயிற்று. ராஜு தக்கானி என்னும் எதிராளி ஒருவர் பாதி நாட்டைப் பிடித்துவைத்திருந்தார். 1607இல் அவரையும் வென்று சிறைப்படுத்தி, ஜுன்னாரிலும், பின்னர் தேவகிரி என முற்காலத்தில் வழங்கிய தௌலதாபாத்திலும் தலைநகரை அமைத்தார்.

முகலாயரிடம் பீரங்கியும் யானையும் பெருங்குதிரைப் படையும் இருந்தன. நேர்நின்று பொருதால் தோல்வி உறுதி. ஆகவே அம்பர் மராட்டியக் குடியானவ வீரர்களைச் சேர்த்தார். சிறு குதிரை, வேல், வாள், தோளில் நாலு நாள் உணவு. அவர்களுக்கு வேறொன்றும் தேவையில்லை. பகைவரை மலைப்பகுதிக்குள் இழுப்பர். பின்னால் வரும் தானிய வண்டிகளைக் கொள்ளையிடுவர். இரவில் பாசறையைத் தாக்கி மறைவர். அரிசியும் வைக்கோலும் வராத படை எத்துணைப் பெரிதாயினும் எத்தனை நாள் நிற்கும்? அப்துர் ரஹீம் கான்-இ-கானான் போன்ற புகழ்மிக்க தளபதிகளும் வெறுங்கையோடு திரும்பினர். 1610இல் அகமத்நகர்க் கோட்டை மீண்டும் அம்பர் வசமாயிற்று. பார்கி முறை எனப்பட்ட இப்போர்முறையில் தேர்ந்த மராட்டியக் குடும்பங்களிலிருந்தே பின்னர் சிவாஜியின் சுதந்திர அரசு எழுந்தது.

அக்பருக்குப்பின் 1605இல் பட்டமேறிய ஜஹாங்கீருக்கு அம்பர் மீதிருந்த வெறுப்பு எல்லை கடந்தது. தம் தினக்குறிப்பில் அம்பரைக் குறிக்கும் இடமெல்லாம் நிறத்தைச் சுட்டி இழித்துரைத்தார். அதோடு நிறைவு பெறாமல், அபுல் ஹசன் என்னும் அரசவை ஓவியரைக் கொண்டு ஒரு படம் எழுதச் செய்தார். பூமி உருண்டையின்மேல் நின்று பேரரசர் வில் வளைக்கிறார். எதிரே ஈட்டிமுனையில் அம்பரின் வெட்டுண்ட தலை. அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் அவ்வோவியம் உள்ளது. களத்தில் கொய்ய முடியாத தலையைத் தாளில் கொய்த பேரரசரை எண்ணினால் நமக்கு நகைப்பே வருகிறது.

இழிசொல் அம்பருக்கு வெளியேயிருந்து மட்டும் வரவில்லை. சுல்தான் முர்தசாவின் பாரசீக மனைவி, அம்பரின் மகளைக் கறுப்பு அடிமைப் பெண் என்று ஏசினாராம். நாட்டையே காத்துக் கொடுத்தவரின் மகளுக்கும் அரண்மனைக்குள் கிடைத்த மரியாதை அது! முன்னரே சுல்தானோடு மனம் கசந்திருந்த அம்பர், 1610இல் அவருக்கும் அந்த அரசிக்கும் நஞ்சிடச் செய்தார் என்று டச்சு வணிகரின் குறிப்பு கூறுகிறது. ஐந்து வயதுச் சிறுவன் அரியணை ஏற்றப்பட்டான். அவமானம் எத்துணைக் கொடிதாயினும் நஞ்சிட்ட செயலை நாம் போற்ற இயலாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடிமையாயிருந்த அம்பர், ஆட்சிக்கு வந்தபின் தாமும் ஆப்பிரிக்க அடிமைகளை விலைக்கு வாங்கியே மெய்க்காவற்படை அமைத்தார். தம் தளை அறுந்ததே அன்றித் தளை என்னும் பொருளையே அறுக்க அவர் எண்ணவில்லை. குறை மறைத்து எழுதும் வரலாறு புகழ்மாலையாகுமே அன்றி வரலாறாகாது.

ஆயினும் ஆட்சித்திறத்தில் அவருக்கு நிகரானோர் அக்காலத்தில் அரியர். வரி வசூலைக் குத்தகைக்கு விடும் முறையை ஒழித்தார். குத்தகைதாரன் குடியானவனைக் கசக்கிப் பிழிவான் என்பது உழவர் குடியில் பிறந்தோர்க்கு விளக்க வேண்டாத செய்தி. நிலங்களை அளந்து, மண்ணின் வளத்திற்கேற்பத் தரம் பிரித்து, விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு எனத் தீர்வை விதித்தார்; பின்னர் அதனை மூன்றில் ஒரு பங்கு மதிப்புள்ள பணமாகச் செலுத்தவும் வழிசெய்தார். உழுதவனுக்கு நிலத்தின்மேல் உரிமையையும் ஒப்புக்கொண்டார். பாக்தாத்தில் பயின்ற கணக்கு வீண்போகவில்லை. வறண்ட மராட்டிய மேட்டு நிலத்திலிருந்து இருபத்தாறு ஆண்டுகள் போருக்குச் செலவு செய்ய முடிந்ததென்றால், அது வாளின் வலிமை மட்டுமன்று.

தௌலதாபாத்துக்கு அருகில் கட்கி என்னும் சிற்றூரை 1610இல் நகரமாக்கினார். ஆங்கு நீர் இல்லை. மலையடிவார நிலத்தடி நீரைச் சுரங்கக் கால்வாய் வழியாக, இறைக்கும் பொறி எதுவுமின்றி நிலத்தின் சரிவைக் கொண்டே நகரத்துக்குக் கொண்டுவந்தார். நஹர்-இ-அம்பரி எனப்படும் அக்கால்வாய், அவர் காலத்துக்குப் பின்னும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்நகர மக்களுக்குக் குடிநீர் தந்தது.

வெற்றி எப்போதும் அவர் பக்கமே இருந்தது என்பதற்கில்லை. 1616இல் மராட்டியத் தலைவர் சிலர் முகலாயர் பக்கம் சாய்ந்தனர்; அம்பர் தோற்றார்; கட்கி நகரம் தரைமட்டமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இளவரசர் குர்ரம் பெரும்படையோடு வர, அகமத்நகர்க் கோட்டையைத் திருப்பிக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். அவ்வெற்றிக்காகவே அவ்விளவரசருக்கு ஷாஜஹான் என்ற பட்டம் கிடைத்தது. முகலாயப் படை திரும்பிய சில ஆண்டுகளில் இழந்த நிலங்களை அம்பர் மீண்டும் பிடித்தார், 1621இல் மீண்டும் பணிந்தார், மீண்டும் எழுந்தார்.

1624இல் முகலாயரும் பீஜப்பூரும் ஒன்றுசேர்ந்து வந்தபோது அவருக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். அகமத்நகருக்கு அருகில் பாத்வடி என்னுமிடத்தில் அங்கிருந்த ஏரியின் கரையை வெட்டிவிட்டார். மழைக்காலம் வேறு. பகைவர் பாசறை சேறாயிற்று; பீரங்கியும் வண்டியும் அசையவில்லை. ஏரி உடைந்தால் கீழ்ப்பகுதி என்னவாகும் என்பதை நம் பகுதியினர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டினியும் இரவுத் தாக்குதலும் எஞ்சியதைச் செய்து முடித்தன. ஷாஹாஜி அக்களத்தில் அம்பரின் பக்கம் நின்று புகழ் பெற்றார். அவர் தம்பி ஷரீஃப்ஜி அங்கேயே உயிர் துறந்தார்.

1626ஆம் ஆண்டு மே மாதம் அம்பர் இயற்கை எய்தினார். அவர் இறந்தபின் முகலாய அரசவையின் வரலாற்றாசிரியர் முத்தமித்கான் தம் நூலில், போரிலும் ஆட்சியிலும் தீர்ப்பிலும் அவருக்கு இணையில்லை என்றும், ஓர் அபிசீனிய அடிமை இத்துணை உயர்ந்ததாக வேறு வரலாறு கிடையாது என்றும் எழுதினார். பகைவர் வீட்டுப் பேனா ஒப்புக்கொண்ட பெருமை அது. இரண்டாவது பகுதியில் சிறிது இளக்காரமும் உண்டு என்பது நம் கருத்து. உயர்ந்த பின்னும் அடிமை என்ற சொல் விடவில்லை பாருங்கள்.

அவர் கட்டிய ஆட்சி அவருக்குப் பின் பத்தாண்டுகளே நின்றது. மகன் ஃபத்கான் பொறுப்பேற்றார், சுல்தானால் சிறையிடப்பட்டார், விடுதலையானதும் அந்தச் சுல்தானையே கொன்று ஒரு சிறுவனை அமர்த்தினார். இறுதியில் 1633இல் தௌலதாபாத்தை முகலாயரிடம் ஒப்படைத்துப் பொருள் பெற்றுக்கொண்டார். தந்தையின் வாழ்நாள் உழைப்பை மகன் அளந்த அளவு அது. ஆனால் மகனை மட்டும் பழிப்பது முழு விடையாகாது. வரிக்கணக்கும் படைத்தந்திரமும் மராட்டியரை இணைத்து நிறுத்தும் நயமும் ஒரே தலைக்குள் இருந்தன. அத்தலை சாய்ந்தபோது, அவற்றை ஏற்று நடத்தப் பழகிய இரண்டாவது வரிசை இல்லை. நிஜாம் ஷாஹி மன்னர் வெறும் பெயராகவே வைக்கப்பட்டிருந்ததால், அரசகுலத்திலும் ஆற்றல் வளர வாய்ப்பில்லாமற் போயிற்று. ஷாஹாஜி மற்றொரு சிறுவனை முன்னிறுத்தி மூன்றாண்டுகள் போராடிப் பார்த்தார். 1636இல் அதுவும் முடிந்தது. ஷாஹாஜி பீஜப்பூர்ப் பணியில் சேர்ந்து தெற்கே வந்தார். 1648இல் செஞ்சி முற்றுகையின்போது சொந்தத் தளபதியாலேயே சிறைப்பிடிக்கப்பட்டார். அவர் சிறைப்பட்ட செஞ்சியை இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப்பின் அவர் மகன் கைக்கொண்டார்.

அம்பரின் கல்லறை குல்தாபாத்தில் இருக்கிறது. அவர் நிறுவிய நகரத்துக்கு அவர் பெயர் என்றுமே சூட்டப்படவில்லை. மகன் அதனை ஃபத்நகர் என்றார். ஔரங்கசீப் ஔரங்காபாத் என்றார். 2023இல் அது சத்ரபதி சம்பாஜிநகர் ஆயிற்று. அந்நகரில்தான் அண்ணல் அம்பேத்கர் தம் மக்கள் கல்விக் கழகத்தின் சார்பில் 1950இல் கல்லூரி தொடங்கினார். பின்னர் அது மிலிந்த் மகாவித்யாலயா எனப் பெயர் பெற்றது. அந்நகரப் பல்கலைக்கழகத்துக்கு அண்ணலின் பெயரைச் சூட்ட 1978இல் மகாராட்டிரச் சட்டமன்றம் தீர்மானித்தபோது, எதிர்த்தவர்கள் மராத்வாடா ஊர்களில் நம் மக்களின் குடிசைகளைக் கொளுத்தினர். பதினாறு ஆண்டுப் போராட்டத்துக்குப்பின் 1994 ஜனவரி 14ஆம் நாள் டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம் என்ற பெயர் அதன் வாயிலில் ஏறியது.